இலவசமாக எழுதப்படும் பயணக் கட்டுரைக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, முன்பின் தெரியாத ஒரு வாசகரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. என்னுடைய கொல்லிமலைக் கட்டுரையைப் படித்துவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கைக்கு இறங்குகிற படிக்கட்டு என்று எல்லாம் நான் எழுதியபடியே இருந்திருக்கிறது. ஆனால் மலையிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்து, கட்டுரையில் நான் போட்டிருந்த நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே கிளம்பிப் போய்விட்டது. வேறு வழியில்லாமல், வாழைத்தார் ஏற்றிய ஒரு வேனில் இடம் கேட்டு, இருட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு 68 வயது, வழியெல்லாம் வாந்தி. மின்னஞ்சல் எழுதிய வாசகர் என்னைத் திட்டவில்லை. "பஸ் டைம் மட்டும் ஒரு தடவை சரிபார்த்துப் போட்டிருக்கலாமே சார்" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தார்.

நான் சரிபார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அந்த நேரத்தை மலைமேலிருக்கும் செம்மேட்டில் ஒரு டீக்கடையில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். மறுநாளும் தங்கி, சாயங்காலம் பேருந்து நிலையத்தில் போய் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தங்கவில்லை. இரண்டாவது இரவுக்குக் கையில் காசில்லை, அந்தக் கட்டுரைக்கு யாரும் ஒரு ரூபாய்கூடத் தரப்போவதில்லை என்பதும் கிளம்பும்போதே தெரியும்.

பயணக் கட்டுரையாளர்கள் சன்மானம் இல்லாமல் எழுதலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம், அது எழுதுகிறவரின் உரிமை, எழுதுகிறவரின் வயிற்றுப்பாடு என்ற அளவிலேயே சுற்றுகிறது. அதுவும் நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த அம்மா. பயணக் கட்டுரையை நம்பி ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு, சில சமயம் குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார். ஒரு சிறுகதை சரியாக அமையவில்லை என்றால் படித்தவருக்கு அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. பயணம் என்பது செலவில்லாமல் நடக்கிற காரியமும் இல்லை, யாராவது ஒருவர் அந்தச் செலவைக் கொடுத்தே ஆகவேண்டும். பத்திரிகை கொடுக்காவிட்டால் எழுதுகிறவர் கொடுக்கிறார், அவரால் முடியாதபோது ஓட்டல்காரரோ சுற்றுலாத் துறையோ கொடுக்கிறது, எப்படிப் போனாலும் கடைசியில் அந்தப் பாக்கி வாசகர் தலையில்தான் வந்து விழுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் விவரமாக எழுதப் பார்க்கிறேன்.

கொல்லிமலைக் கணக்கையே சொல்கிறேன். திருச்சியிலிருந்து நாமக்கல், அங்கிருந்து மலைக்குப் பேருந்து, ஓர் இரவு லாட்ஜ், இரண்டு நாள் சாப்பாடு, கோயிலுக்கும் அருவிக்கும் சோளக்காடு சந்தைக்கும் போய்வர ஒரு ஆட்டோ, எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். அப்புறம் யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று இருக்கிறது. நான் பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவன், பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு நாள் போய்வந்து, மூன்று நாள் உட்கார்ந்து எழுதினால் ஐந்து நாள் கூலி போய்விடும். கட்டுரை கேட்ட இணையதளத்தின் ஆசிரியர் தொலைபேசியில் மரியாதையாகத்தான் பேசினார். "பட்ஜெட் இல்லீங்க சார், ஆனா உங்க பேரு நல்லா ரீச் ஆகும்" என்றார். கட்டுரை வெளியானபோது அதற்கு மேலேயும் கீழேயும் நடுவிலேயும் விளம்பரம் ஓடியது. அந்தத் தளத்தை வடிவமைத்தவருக்குப் பணம் போயிருக்கும், சர்வருக்கு மாதாமாதம் போகிறது, விளம்பரம் பிடித்துக் கொடுத்தவருக்குக் கமிஷன் உண்டு. அந்தப் பக்கத்தில் இருந்த எழுத்துக்கு மட்டும் பட்ஜெட் இல்லை.

"சுற்றிப் பார்க்கத்தானே போனீங்க, அதுக்கு எதுக்குக் காசு?" என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பயணம் என்றால் ஓய்வு, விடுமுறை, கொடுத்துவைத்தவர்கள் செய்வது என்று மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் எழுதுவதற்காகப் போகிறவரின் நாள் வேறு மாதிரி இருக்கும். சுற்றிப் பார்க்க வந்தவர் பசித்தால் ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டுப் போவார், எழுத வந்தவர் நான்கு கடையில் விலையும் நேரமும் கேட்கவேண்டும். அருவியில் குளிப்பதை விட்டுவிட்டு, படிகளில் எங்கே கைப்பிடி இல்லை, எங்கே பாசி பிடித்திருக்கிறது, முட்டிவலி உள்ளவர் எதுவரை இறங்கலாம், பெண்கள் உடை மாற்ற இடம் இருக்கிறதா, கழிப்பறைக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஒரே தகவலை மூன்று பேரிடம் கேட்டு, மூவரும் மூன்று விதமாகச் சொன்னால் நான்காவது ஆளைத் தேடவேண்டும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும், அந்த ஊரில் நேரம் என்றால் இன்னொரு இரவு வாடகை.

இந்தத் தொழிலில் பணம் எப்படி நடமாடியது என்பதற்கு உலகம் முழுக்கத் தெரிந்த ஓர் உதாரணம் லோன்லி பிளானட் என்ற பயண வழிகாட்டிப் புத்தக நிறுவனம். டோனி வீலர், மவ்ரீன் வீலர் என்ற இளம் தம்பதி லண்டனிலிருந்து ஆசியா வழியாகத் தரைமார்க்கமாகவே பயணம் செய்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். போன இடமெல்லாம் எப்படிப் போனீர்கள், எவ்வளவு செலவானது என்று ஆட்கள் கேட்கவே, 1973ல் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு சின்னப் புத்தகம் தயாரித்தார்கள். அவர்களுக்கும் அப்போது யாரும் சன்மானம் கொடுக்கவில்லை. அதனால் இலவசமாக உழைத்து முன்னேறியவர்கள் என்று அவர்களை உதாரணம் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு விஷயத்தை அவர்கள் விட்டுவிடுகிறார்கள்: அந்தப் புத்தகம் வீலர் தம்பதியின் சொந்தச் சொத்து. விற்ற ஒவ்வொரு பிரதியின் காசும் அவர்களுக்கே வந்தது, அதை வைத்துத்தான் அடுத்த புத்தகத்துக்குப் பயணம் போனார்கள். தன் நிலத்தில் கூலி வாங்காமல் உழுகிறவரும், அடுத்தவர் நிலத்தில் கூலி வாங்காமல் உழுகிறவரும் ஒன்றல்லவே.

நிறுவனம் வளர்ந்த பிறகு அவர்களே மற்றவர்களை எழுத வைத்தார்கள். ஆரம்ப காலத்தில் எழுதியவர்களுக்கு விற்பனையில் பங்கு, அதாவது ராயல்டி கிடைத்தது. பின்னாட்களில் அது மொத்தத் தொகையாக மாறியது. இவ்வளவு பணம், அதற்குள் விமானம், தங்கல், சாப்பாடு, உன் உழைப்பு எல்லாம் அடக்கம் என்ற ஏற்பாடு. இதை எழுதுகிறவர் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தொகை நிலையானது, ஆகவே இன்னும் ஒரு ஊருக்குப் போனால் அந்தச் செலவு தன் சம்பளத்திலிருந்து குறையும், போகாமல் இருந்தால் மிச்சம். எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும், கடைசி இரண்டு ஊர்களைத் தொலைபேசியில் விசாரித்து எழுதிவிடலாமே என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்துபோகும்.

2008ல் இது வெளியே வெடித்தது. லோன்லி பிளானட்டுக்காகப் பல புத்தகங்களில் பங்களித்த தாமஸ் கோன்ஸ்டாம் என்ற அமெரிக்கர் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். கொலம்பியாவைப் பற்றி எழுதும்போது தான் அந்த நாட்டுக்கே போகவில்லை, போகிற அளவுக்குப் பணம் தரப்படவில்லை, சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்தே எழுதினேன் என்று ஒரு பேட்டியில் சொன்னார். வேறு இடங்களில் இலவசங்களை ஏற்றுக்கொண்டதையும் ஒப்புக்கொண்டார். நிறுவனம் தரப்பில், கொலம்பியா நூலில் அவர் எழுதியது வரலாறு போன்ற பின்னணிப் பகுதிகளைத்தான், அதற்கு நேரில் போகவேண்டிய அவசியமே இல்லை என்றும், அவர் பங்களித்த நூல்களை மறுபடி சரிபார்த்தோம் என்றும் விளக்கம் கொடுத்தார்கள். அது சரியான விளக்கமாகவே இருக்கலாம். ஆனாலும் அந்தச் செய்தி உலகம் முழுக்க ஓடியதற்குக் காரணம், கையில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு நாட்டில் பேருந்துக்குக் காத்திருந்த ஒவ்வொருவருக்கும், இந்தப் பக்கத்தை எழுதியவர் இங்கே வந்திருப்பாரா என்ற கேள்வி அன்றைக்கு வந்ததுதான்.

அதே காலத்தில் மேல்மட்டத்தில் நடந்த பண விவகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பிபிசியின் வணிகப் பிரிவு 2007ல் லோன்லி பிளானட்டின் 75 சதவீதப் பங்கை 8.81 கோடி பவுண்டுக்கு வாங்கியது, மிச்சத்தை 2011ல் 4.21 கோடி பவுண்டுக்கு வாங்கியது, 2013ல் மொத்தத்தையும் ஏறக்குறைய 5.15 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டது. நஷ்டம்தான், பெரிய நஷ்டம். இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தபின் வழிகாட்டிப் புத்தகத் தொழிலே சரிந்திருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பட்ஜெட் இல்லை என்று சொல்கிற எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கவும் இல்லை. ஆனால் பணமே இல்லாத துறை இது என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்காக இந்த எண்களைச் சொல்கிறேன்.

இனி அந்த 'ரீச்' விஷயம். 2013 மார்ச்சில் நேட் தேயர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் தி அட்லாண்டிக் இதழின் இணையப் பிரிவிலிருந்து ஒருவர், அவர் ஏற்கெனவே எழுதிய வட கொரியக் கட்டுரையைச் சுருக்கித் தர முடியுமா என்று கேட்டார். பணம் தர இயலாது, ஆனால் மாதம் 1.3 கோடி வாசகர்கள் படிக்கிறார்கள் என்றார். தேயர் சாதாரண ஆள் இல்லை. கம்போடியக் காடுகளில் பல ஆண்டுகள் அலைந்து, அந்த நாட்டின் சர்வாதிகாரியாக இருந்த போல் பாட்டை 1997ல் பேட்டி கண்டவர். 25 வருடம் எழுதிப் பிழைத்தவரிடம் 'உங்களை நிறையப் பேருக்குத் தெரியவரும்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவர் அந்தக் கடிதப் போக்குவரத்தை அப்படியே எடுத்து வெளியிட்டுவிட்டார், பெரிய விவாதமானது. அவருக்கே இது என்றால் நாமக்கல்லிலோ நாகர்கோவிலிலோ இருந்து எழுதுகிற ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் என்ன சொல்வார்கள் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

ரீச் ஆகும் என்பது முழுக்கப் பொய்யும் இல்லை. பெயர் தெரியும், நாலு பேர் தொடர்பு கொள்வார்கள். ஆனால் இலவசமாக எழுதி வந்த பெயரைப் பார்த்து வருகிற அடுத்த அழைப்பும் பெரும்பாலும் இலவசமாகவே கேட்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது, கொல்லிமலைக்குப் பிறகு மூன்று இடத்திலிருந்து கேட்டார்கள், மூவருமே தொகையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

ஹஃபிங்டன் போஸ்ட் கதை இதைவிடத் தெளிவானது. 2005ல் தொடங்கிய அந்தத் தளத்தில் பயணம், அரசியல், சமையல் என்று எல்லாப் பிரிவிலும் ஆயிரக்கணக்கானவர்கள் சன்மானம் இல்லாமல் எழுதினார்கள். 2011ல் ஏஓஎல் நிறுவனம் அதை 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. எழுதியவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஜோனதன் டாசினி என்பவர் முன்னின்று, எழுதியவர்களுக்குப் பங்கு வேண்டும் என்று வழக்குப் போட்டார். 2012ல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, பணம் கிடைக்காது என்று தெரிந்தே எழுதினீர்கள், பிறகு வந்து கேட்க முடியாது என்பதுதான் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். 2018 ஜனவரியில் அந்தத் தளமே அமெரிக்காவில் சன்மானமில்லாப் பங்களிப்பாளர் முறையை மூடிவிட்டது. அந்தத் தீர்ப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு, கேட்பதாக இருந்தால் எழுதுவதற்கு முன்னால் கேட்கவேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பத்திரிகையும் தரவில்லை, கையிலும் காசில்லை, ஆனாலும் ஒருவர் மாதம் இரண்டு பயணக் கட்டுரை எழுதுகிறார் என்றால் செலவு எங்கிருந்து வருகிறது? ஓட்டல் தருகிறது, ரிசார்ட் தருகிறது, டூர் நிறுவனம் தருகிறது, அரசின் சுற்றுலாத் துறை தருகிறது. தொழிலில் இதற்கு ஃபாம் ட்ரிப் என்று பெயர். கேரள சுற்றுலாத் துறை 2014ல் கேரளா பிளாக் எக்ஸ்பிரஸ் என்று ஒன்றை ஆரம்பித்தது, பல நாட்டு வலைப்பதிவர்களை ஒரே பேருந்தில் ஏற்றி இரண்டு வாரம் மாநிலம் முழுக்க அழைத்துப் போனார்கள். ஒளிவுமறைவு இல்லாமல், விளம்பரப்படுத்தியே செய்தார்கள், சுற்றுலாத் துறையின் பார்வையில் மிகக் கெட்டிக்காரத்தனமான வேலை. அதில் போனவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேருந்திலிருந்து எது தெரியும் எது தெரியாது என்று பாருங்கள். காயல் தெரியும், படகு வீடு தெரியும், கதகளி தெரியும். ஆலப்புழையில் சாதாரணக் குடும்பம் ஒன்று படகு வீட்டுக்குப் பேரம் பேசும்போது என்ன ஆகும், தரகரை எப்படித் தவிர்ப்பது, அரசுப் படகில் சில்லறைக் காசில் அதே காயலைப் பார்க்கலாம் என்பதெல்லாம் தெரிய வாய்ப்பே இல்லை. அழைத்துப் போனவர்கள் மறைத்தார்கள் என்று சொல்லவில்லை, விருந்தாளிக்குச் சமையலறையைக் காட்டுகிற வழக்கம் யார் வீட்டிலும் இல்லை.

அப்புறம் மனிதர் மனம். இரண்டு நாள் ராஜ உபசாரம் செய்து, கிளம்பும்போது கையில் ஒரு பரிசுப் பையும் கொடுத்தவரைப் பற்றி, 'தண்ணீரில் துரு வாடை அடித்தது, இரவில் ஜெனரேட்டர் சத்தத்தில் தூங்க முடியவில்லை' என்று எழுத எத்தனை பேருக்குக் கை வரும்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குணம் நல்ல குணம், ஆனால் பயணக் கட்டுரையில் அது வாசகருக்கு விரோதமாக வேலை செய்கிறது. இதனால்தான் நியூயார்க் டைம்ஸ் போன்ற இதழ்கள், தங்கள் பயணப் பக்கத்துக்கு எழுதுகிறவர் இலவசப் பயணமோ சலுகையோ ஏற்கக் கூடாது என்று வெளியிலிருந்து எழுதுகிறவர்களுக்கும் சேர்த்தே விதி வைத்திருக்கின்றன. அந்த விதி வைக்கிற தகுதி, பணம் கொடுக்கிறவர்களுக்குத்தான் உண்டு. சன்மானமும் தரமாட்டேன், இலவசத் தங்கலும் வாங்காதே என்று சொன்னால் எழுதுகிறவர் என்னதான் செய்வார்?

இலவசத் தங்கல் என்பது பணம்தான் என்று நம் நாட்டுச் சட்டமே இப்போது சொல்லிவிட்டது. வருமான வரிச் சட்டத்தில் 2022 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த 194ஆர் பிரிவு, தொழில் நிமித்தமாக ஒருவருக்குப் பொருளாகவோ வசதியாகவோ வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதன் மதிப்பில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கச் சொன்னது. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி, 2021லேயே சமூக ஊடகத்தில் இலவசமாகப் பெற்றதைப் பற்றி எழுதினால் அதைத் தெளிவாகக் குறிப்பிடவேண்டும் என்று நெறிமுறை வெளியிட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், வெளிப்படுத்த வேண்டியவற்றின் பட்டியலில் பயணமும் ஓட்டல் தங்கலும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. மறைத்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. நான் தமிழில் படிக்கிற பயணப் பதிவுகளிலும் பார்க்கிற வீடியோக்களிலும் இந்த அறிவிப்பு மிக அபூர்வம். 'இவர்கள் அழைப்பின் பேரில் தங்கினேன்' என்று ஒரே ஒரு வரி போட்டால் போதும், படிக்கிறவர் அதற்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்வார்.

எழுத்தாளர்களே வேண்டாம், சாதாரண மக்கள் போடுகிற ரிவ்யூ போதும், அதில் காசு விவகாரம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். பயண ரிவ்யூத் தளமான டிரிப்அட்வைசர் 2000ல் ஆரம்பித்தபோது பத்திரிகைகளிலும் வழிகாட்டி நூல்களிலும் வந்ததைத் திரட்டித் தருவதாகத்தான் திட்டம், நீங்களும் எழுதலாம் என்று ஓரமாக வைத்த பொத்தான்தான் கடைசியில் தளத்தையே பிடித்துக்கொண்டது. இன்று அங்கே நூறு கோடிக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. எனக்கும் அது பலமுறை உதவியிருக்கிறது. ஆனால் அங்கேயும் பணம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. ஊபா பட்லர் என்ற லண்டன் இளைஞர், தான் போகாத உணவகங்களுக்குப் புகழ்ச்சி ரிவ்யூ எழுதி ஒன்றுக்கு 10 பவுண்டு வாங்கியவர். 2017ல் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகம் என்று பதிவு செய்து, நண்பர்களை வைத்துப் பாராட்டு எழுத வைத்து, லண்டனின் முதலிடத்துக்கே கொண்டுவந்து காட்டினார். அங்கே ஒரு தட்டுச் சாப்பாடுகூட அதுவரை பரிமாறப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், யார் எழுத முடிகிறது என்பது. 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பிய ஏனுகுல வீராசாமி, சென்னையில் அப்போது இருந்த சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஏறக்குறைய நூறு பேர் கொண்ட கூட்டத்தோடு, பல்லக்கில், பதினைந்து மாதத்துக்கு மேல் பயணம் செய்து, வழியில் கண்டதைத் தெலுங்கில் குறித்து நண்பர் சீனிவாச பிள்ளைக்கு அனுப்பினார். ஊர், சத்திரம், தண்ணீர், கடைகளில் என்ன கிடைக்கும் என்று பின்னால் வருகிறவருக்குப் பயன்படும்படி எழுதியது, அருமையான பதிவு. யாரும் அவருக்குச் சன்மானம் தரவில்லை, தேவையும் இல்லை. ஆனால் அதே வழியை அதே வெயிலில் நடந்தே கடந்த பல்லக்குத் தூக்கிகள் எதைப் பார்த்தார்கள் என்று நமக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. சன்மானம் இல்லாத பயண எழுத்து இன்றைக்கும் அதே இடத்துக்குத்தான் போகிறது. சொந்தச் செலவில் போக முடிகிறவர்கள் எழுதுவார்கள், அவர்கள் பார்ப்பது காரில் போகிற ஊர், அறை வாடகையைப் பார்க்காமல் தங்குகிற ஊர். நகரப் பேருந்து எங்கே நிற்கும், இருநூறு ரூபாயில் ஒரு நாள் சாப்பாடு முடியுமா, தனியாக வருகிற பெண்ணுக்கு லாட்ஜில் அறை தருகிறார்களா, இதெல்லாம் அப்படிப் போகிறவர்தானே எழுத முடியும்? அவருக்குத்தான் சன்மானம் வேண்டியிருக்கிறது.

தமிழில் பயண எழுத்துக்கு மதிப்பே இல்லை என்றும் சொல்லக் கூடாது. காந்தி ஆவணப்படத்துக்காக நாடு நாடாகப் போய்ப் படச்சுருள் சேகரித்து 1940ல் படத்தை வெளியிட்ட பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார், குமரி மலர் என்று சொந்த இதழே நடத்தினார். ஆனந்த விகடனில் மணியன் எழுதிய பயணத் தொடருக்கு இருந்த வரவேற்பு எப்படிப்பட்டது என்றால், பிறகு அவர் ஆரம்பித்த வார இதழுக்கே அந்தத் தொடரின் பெயரான இதயம் பேசுகிறது என்பதைத்தான் வைத்தார். பயணக் கட்டுரைக்காகப் பத்திரிகை வாங்கிய வாசகர்கள் இங்கே இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

அப்படியானால் இலவசமாக எழுதவே கூடாதா? எழுதலாம், நானே எழுதுகிறேன். ஆனால் எங்கே என்பதற்கு எனக்கு ஒரு கதை வழிகாட்டியாக இருக்கிறது. 2003ல் மாண்ட்ரியலைச் சேர்ந்த ஒரு தம்பதி விக்கிட்ராவல் என்ற தளத்தை ஆரம்பித்தார்கள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், எழுதியது பொது உரிமத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். உலகம் முழுக்கப் பலர் எழுதிக் குவித்தார்கள். 2006ல் தளத்தை இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு கடைசியில் ஜெர்மன் மொழியில் எழுதியவர்கள் பிரிந்து விக்கிவாயேஜ் என்று தனியாக ஆரம்பித்தார்கள், பிறகு இத்தாலியர்களும் சேர்ந்தார்கள். 2012ல் ஆங்கிலத்தில் எழுதியவர்களும், விளம்பரமும் பராமரிப்புக் குறைபாடும் தாங்காமல், எழுதியதையெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. அந்த நிறுவனம் இரண்டு தன்னார்வலர்கள்மேல் வழக்கே போட்டது, காசு வாங்காமல் எழுதியவர்கள்மேல். விக்கிமீடியா அறக்கட்டளை அவர்களுக்காக நின்றது, 2013 ஜனவரி 15 அன்று விக்கிவாயேஜ் அதன் குடையின்கீழ் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது, பிப்ரவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இன்றுவரை அங்கே விளம்பரம் இல்லை. அங்கே நான் ஒரு பேருந்து நேரத்தைச் சேர்த்தால் அதை வைத்து அந்தத் தளம் சம்பாதிப்பதில்லை, அது தப்பாகிவிட்டால் நானோ, அந்த வேனில் இறங்கிய வாசகரோ அன்றைக்கு ராத்திரியே திருத்திவிடலாம்.

விற்கிற இடத்தில் எழுதினால் காசு கேட்கிறேன், விற்காத இடத்தில் கேட்பதில்லை, என் வழக்கம் இப்போது இதுதான். காசு குறைவாக இருந்தாலும் பேசுவேன். சின்னப் பத்திரிகைக்காரர் ஒருவர், "ஆயிரம் ரூபாய்தான் முடியும் தம்பி, பஸ் காசு தனியாக் குடுத்துடறேன்" என்றார், சந்தோஷமாக எழுதிக் கொடுத்தேன். செலவு யாருடையது, உரிமை யாருடையது, பின்னால் திருத்தம் வந்தால் போடுவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உரிமை விஷயத்தில் புதிதாக எழுதுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும்: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் உங்கள் கட்டுரையின் உரிமை இன்னொருவருக்குப் போகாது. கையெழுத்துப் போட்டாலும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடத்துக்குத்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். போனில் பேசி அனுப்பிய இலவசக் கட்டுரை உங்களுடையதே, அதை நீங்கள் புத்தகமாகப் போடலாம், திருத்தி வேறு இடத்தில் வெளியிடலாம்.

கொல்லிமலைக் கட்டுரையை நான் அப்படித்தான் திருத்தி எழுதினேன். அந்த மின்னஞ்சல் வந்து இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன், இரண்டு இரவு தங்கினேன், இரண்டு சாயங்காலமும் செம்மேடு பேருந்து நிலையத்தில் நின்று கடைசிப் பேருந்து கிளம்புவதைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஓட்டுநரிடம் கேட்டால், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம் எடுத்துவிடுவோம் என்றார், அதையும் சேர்த்து எழுதினேன். பழைய கட்டுரையில் நேரத்தை மாற்றச் சொல்லி அந்த இணையதளத்துக்கு மூன்று முறை எழுதிவிட்டேன், இரண்டு முறை போன் செய்தேன். "பாத்துக்கறோம் சார்" என்றார்கள். போன வாரம் திறந்து பார்த்தேன். மேலே ஒரு ரிசார்ட் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது, கீழே நான் டீக்கடையில் கேட்டு எழுதிய பழைய நேரம்தான் இருக்கிறது.